உரம் எடுக்க வந்த தாய்மாமன்

என் தம்பி உதயகுமார் இந்த உலகத்துக்கு முதலில் காட்டியது காலைத்தான். தலை கடைசியாக வந்தது. அந்தத் தலையை இன்றுவரை அவன் அவ்வளவாக உபயோகிப்பதில்லை என்பது என் அபிப்பிராயம். சொன்னால் கோபம் வரும். வரட்டும், எனக்கென்ன?

காலால் பிறந்தவன் முதுகில் ஏறி மிதித்தால் பிடிப்பு விட்டுப்போகும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. அண்ணனூரில் எங்கள் தெருவில் பாதிப் பேர் ரயில் கார் ஷெட்டில் வேலை பார்த்தவர்கள். பெட்டிக்கு அடியில் குனிந்து குனிந்து இடுப்பு பிடித்துக்கொண்டால் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்துவிடுவார்கள். ஆறடி மனுஷன் கீழே கிடப்பார், மூன்று வயதுப் பொடியன் அவர் முதுகில் ஏறி நிற்பான். அவனைவிட ஐந்து வயது மூத்தவளான நான் பக்கத்தில் நின்று கூட்டத்தைச் சமாளிப்பேன். மிதித்ததற்கு முறுக்கோ கடலை மிட்டாயோ வரும். பாதி அவனுக்கு, பாதி எனக்கு. கால் அவனுடையது என்றாலும் நிர்வாகம் என்னுடையது அல்லவா?

இப்போது அவனுக்கு முப்பது வயது ஆகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் கண்ணாடி பதித்த ஒரு கட்டடத்தில் மெடிக்கல் கோடிங் வேலை. அமெரிக்காவில் ஒருத்தி பிள்ளை பெற்றால், அங்கே டாக்டர் எழுதிய குறிப்பெல்லாம் இவன் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும். படித்துப் பார்த்து, குழந்தைக்கு என்ன கோளாறோ அதற்கு உண்டான எண்ணைப் போட வேண்டும். பிறக்கும்போதே அடிபட்ட குழந்தைகளுக்கென்று தனி வரிசை இருக்கிறதாம். தலையில் ரத்தம் கட்டினால் ஓர் எண், தோள்பட்டை எலும்பு விட்டால் ஓர் எண், கை நரம்பு இழுபட்டால் இன்னோர் எண். இவை எதிலும் அடங்காத அபூர்வமான அடிகளுக்கு பி பதினைந்து. அந்தப் பதினைந்துக்குள்ளேயும் அடங்காமல் முறைத்துக்கொண்டு நிற்பவற்றுக்கு பதினைந்து புள்ளி எட்டு.

"மார்க்கெட்டுல கடைசியா எல்லாக் காயும் கலந்து ஒரு கூறு கட்டி வெப்பானே அக்கா, அதான் அது" என்று எனக்கு விளக்கினான்.

இந்த எண்களை ஆபீஸிலேயே விட்டுவிட்டு வந்தால் தேவலை. சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் வகை பிரித்து வைத்திருக்கிறான். எந்நேரமும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் பெரியப்பா பதினைந்து புள்ளி நாலு, அதாவது முகத்தில் அடி. நான் பதினைந்து புள்ளி ஒன்பது. இன்னதென்று குறிப்பிட முடியாத கோளாறு என்று அர்த்தமாம். காலால் பிறந்ததற்கும் ஓர் எண் உண்டு. அதை மட்டும் என்னவோ பட்டம் வாங்கியவன் மாதிரி சொல்லிக்கொள்வான்.

அந்தத் தொழிலில் ஒரு சட்டம் இருக்கிறது. டாக்டர் எழுதாத எதையும் கோடிங்காரன் தானாக ஊகித்து எழுதக் கூடாது. இதை அவன் வீட்டிலும் கடைப்பிடிப்பதுதான் கொடுமை. "ஜுரம் அடிக்குதுடா" என்று சொன்னால், "டாக்டர் எழுதினாரா?" என்பான். ஆவடியில் ஒரு பெண்ணைப் பார்க்கப் போனோம். லட்சணமான பெண், எனக்கே பொறாமையாக இருந்தது. பெண்ணின் அப்பா ஆசையாக, "இன்னா தம்பி, பொண்ணு புடிச்சிருக்கா?" என்று கேட்டார். இவன் ரொம்ப யோசித்து, "முடிவு பண்றதுக்கு விவரம் பத்தலைங்க" என்றான். அந்தச் சம்பந்தம் அங்கேயே முடிந்தது. வரும் வழியெல்லாம் நான் திட்டிய திட்டு ரயிலுக்கே கேட்டிருக்கும்.

இவ்வளவு படித்த ஆபீஸில் அவன் காலுக்கு மவுசு குறைந்திருக்கும் என்று நினைத்தால் அதுதான் இல்லை. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து முதுகு போனவர்கள் அங்கேயும் ஏராளம். சாப்பாட்டு அறையில் யோகா பாயை விரித்து டீம் லீடரே படுத்துவிடுவாராம். இவன் ஷூவைக் கழற்றிவிட்டு மேலே ஏறுவானாம். "அந்த ஒரு நிமிசம் மட்டும் எனக்கு அப்ரைசல் பயமே கெடையாது அக்கா" என்பான்.

இந்த லட்சணத்தில்தான் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது.

சுகப்பிரசவம் என்று பேர். குழந்தை நாலு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. தலை வந்த பிறகு தோள் சிக்கிக்கொண்டது. எப்படியோ வெளியே எடுத்தார்கள். எடுத்ததில் வலது பக்கத்துக் காறை எலும்பு, கழுத்துக்குக் கீழே குறுக்காக ஓடுகிறதே அந்த எலும்பு, லேசாக விட்டுவிட்டது. டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தைக் காட்டி நிதானமாகச் சொன்னார். பயப்பட வேண்டாம், பச்சைக் குழந்தைக்குத் தானாகவே கூடிவிடும், கட்டு தேவையில்லை. சட்டைக் கையை நெஞ்சோடு சேர்த்து ஊக்குப் போட்டு வையுங்கள். அக்குளைப் பிடித்துத் தூக்காதீர்கள். இரண்டு வாரம் கழித்துக் கொண்டுவந்து காட்டுங்கள். அவ்வளவுதான். எனக்குப் புரிந்தது. என் கணவர் பூபாலனுக்குப் புரிந்தது. கொரட்டூரில் எங்கள் வீட்டுக்குப் பிள்ளைப்பேறு பார்க்க வந்திருந்த என் மாமியார் முத்தம்மாளுக்கு மட்டும் புரியவில்லை.

என் அம்மா உயிரோடு இல்லை. அதனால் செம்பரம்பாக்கத்திலிருந்து மாமியார்தான் வந்து பத்தியச் சமையல், பிள்ளைக் குளியல் எல்லாம் பார்த்துக்கொண்டார். குறை சொல்லக் கூடாது, கை சுத்தம், மனசும் சுத்தம். வாய்தான் ஓயாது.

"எலும்பு ஒடஞ்சி கீதாம், கட்டு போடலயாம். மருந்து இல்லயாம், மாத்திர இல்லயாம். ஊக்கு குத்தணுமாம். இன்னா மோகனா இது, தையக்காரன்கிட்ட வைத்தியம் பாத்துகினு வந்தியா?"

"டாக்டர் சொன்னதுதான் அத்தை."

"இது எலும்பே இல்ல. உரம். சுத்தமான உரம்."

பச்சைக் குழந்தைக்குக் கழுத்திலோ தோளிலோ பிடிப்பு ஏற்பட்டு, தூக்கும்போதெல்லாம் வீரிட்டு அழுதால், உரம் விழுந்துவிட்டது என்பார்கள். அதற்கு வைத்தியம், பழைய புடவையில் குழந்தையைப் போட்டு ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் உருட்டுவது. உரம் எடுப்பது என்று பெயர். நல்ல எலும்போடு இருக்கிற குழந்தையை உருட்டினாலே நான் கண்ணை மூடிக்கொள்வேன். எலும்பு விட்ட குழந்தையை உருட்டினால் என்ன ஆகும்? முடியவே முடியாது என்று நான் கத்தினேன். உருட்டியே ஆக வேண்டும் என்று அவரும் கத்தினார். பூபாலன் கடையில் சரக்கு வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இந்த வீட்டில் சண்டை மூளும்போதெல்லாம் அவர் மளிகைக் கடைக்குச் சரக்கு வந்துவிடும்.

நான் தம்பிக்குப் போன் போட்டேன். "டேய், உடனே கிளம்பி வா. இவங்க குழந்தையை உருட்டப் போறாங்க. நீ வந்து தடுக்கணும்."

"வர்றேன்க்கா" என்றான்.

குளித்துவிட்டு நான் வெளியே வந்தபோது கூடத்தில் பழைய நூல் புடவை ஒன்று விரித்திருந்தது. மாமியார் ஒரு முனையில் உட்கார்ந்திருந்தார். எதிர் முனையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான் என் உடன்பிறப்பு. அவருந்தான் அவனுக்குப் போன் போட்டிருக்கிறார். "தம்பி, உரம் எடுக்கறதுக்குக் காலால பொறந்தவன் மாரி ஆளு கெடைக்காது, வந்து ஒரு முன புடி" என்று. அவருக்கும் இந்தக் கழுதை "வர்றேன் அத்தை" என்றே சொல்லியிருக்கிறான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஈரத் துண்டாலேயே அவனை அடித்திருப்பேன். குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, "எவ தொடுவான்னு பாக்கறேன்" என்று சுவரோரம் நின்றேன். அழுகை வேறு வந்தது.

உதயன் முதலில் யோக்கியமாகத்தான் ஆரம்பித்தான்.

"அத்தை, இதுக்குப் பேரு உரம் இல்ல. எங்க வேலையில இதுக்கு பி பதிமூணு புள்ளி நாலுன்னு ஒரு நம்பரே கீது."

"இன்னா, பஸ்ஸு நம்பரா?"

"இல்ல அத்தை, காறை எலும்பு ஒடஞ்சா—"

"அமெரிக்காக்காரன் புள்ளைக்கு நீ நம்பர் போடு தம்பி, நான் வாணான்னு சொல்லல. நம்ம புள்ளைக்கு நீ புடவைய மட்டும் புடி."

பிறகு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். அவரும் பாவம், எல்லாவற்றையும் திரும்பச் சொன்னார். உருட்டவே கூடாது என்றும் அழுத்திச் சொன்னார். மாமியார் மரியாதையாக, "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுக்கொண்டார். போனை வைத்ததும், "புள்ளையப் பாக்காம போன்லயே சொல்லிட்டாங்க, பாத்தியா" என்றபடி புடவை முனையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார்.

உதயன் எழுந்து குழாயடிக்குப் போய்க் காலைக் கழுவிக்கொண்டு வந்தான். முகத்தை அப்படி ஒரு கம்பீரமாக வைத்துக்கொண்டிருந்தான், சிறுவயதில்கூட அவனை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"பாப்பா போட்டிருந்த சட்டை ஒண்ணு குடு அக்கா."

கொடுத்தேன். புடவை நடுவில் அந்தச் சட்டையை விரித்து வலது கால் கட்டை விரலால் மூன்று முறை தொட்டான். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான். பிற்பாடு கேட்டபோது, பி பதினைந்து வரிசை மொத்தத்தையும் சொன்னேன் என்றான்.

"அவ்ளோதான் அத்தை. உரம் எறங்கிடுச்சு."

"உருட்ட வாணாமா?"

"ஐயையோ! காலால பொறந்தவன் மிதிச்ச அப்புறம் உருட்டவே கூடாது. எறங்குன உரம் ரெண்டு மடங்கா ஏறிடும். கையை ஆட்டக் கூடாது. சட்டைக் கையை நெஞ்சோட சேத்து ஊக்கு போட்டுடணும். அக்குளைப் புடிச்சு யாரும் தூக்கக் கூடாது. தூக்குனா என் காலுக்கு நான் பொறுப்பில்ல."

"யாரு சொன்னது இதெல்லாம்?"

"என் காலு சொல்லுது அத்தை."

மாமியார் அவன் காலைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுந்து, ஊக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார். "நல்லா குத்து. கைய ஆட்டவுடாத."

டாக்டரம்மா சொன்னது அப்படியே நடந்தது. அவர் சொன்னபோது நடக்காதது, இந்தத் தடியன் காலைக் கழுவியதும் நடந்துவிட்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் படியிறங்கும்போது, "டேய், டாக்டர் எழுதாததை எழுதிட்டியே" என்று கிண்டினேன். "டாக்டர் எழுதினதைத்தான் காலால எழுதினேன்" என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு ஓடினான்.

அதற்கப்புறம் வீட்டில் நடந்தது போலீஸ் ராஜ்யம். குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரையும் மாமியார் வாசலிலேயே நிறுத்திச் சட்டம் சொன்னார். பூந்தமல்லியிலிருந்து வந்த நாத்தனார் ஆசையாக அக்குளுக்குக் கீழே கையைக் கொடுக்கப் போக, "எம்மாடி! கைய எடு! உரம் ஏறிடும்!" என்று போட்ட சத்தத்தில் அவள் கையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டே விழுந்துவிட்டது. எந்த நர்ஸும் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள். ராத்திரி நான் அசந்து தூங்கினாலும் ஊக்கு சரியாக இருக்கிறதா என்று எழுந்து பார்ப்பது அவர்தான்.

கொஞ்ச நாளில் உடைந்த இடத்தில் சின்னதாக ஒரு கட்டி தென்பட்டது. மாமியார் அலறியடித்துக்கொண்டு உதயனுக்குத்தான் போன் போட்டார். அவன், "காலு ஒரு தடவை பாத்தா டாக்டர் ஒரு தடவை பாக்கணும் அத்தை, அதுதான் முறை" என்று புதிதாக ஒரு முறையை உண்டாக்கினான். டாக்டரம்மா தொட்டுப் பார்த்து, எலும்பு கூடுகிறது, நல்ல அறிகுறி, இந்தக் கட்டியும் கரைந்துவிடும் என்றார்.

"நான்தான் சொன்னேனே" என்றார் மாமியார், ஆட்டோவில் வரும்போது. "உரம் கட்டியா தெரண்டு எறங்குது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊக்கைக் கழற்றியிருந்தோம். பாயில் கிடந்த குழந்தை, சோம்பல் முறிக்கிற மாதிரி இரண்டு கையையும் ஒன்றாகத் தலைக்கு மேலே தூக்கியது. இரண்டு கையும்! நான் ஓவென்று அழுதுவிட்டேன். பூபாலன் கடையைச் சாத்திவிட்டு வந்தார். உதயனைச் சாப்பிட வரச் சொல்லி, மாமியார் ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தார். எலும்பும் சதையுமாக அவன் இலையில் அள்ளி அள்ளிப் போட்டார். அவனும் வெட்கமில்லாமல் தின்றான். செம்பரம்பாக்கம் பக்கத்தில் இன்னும் நாலு கைக்குழந்தைகளுக்கு அவன் வந்து உரம் எடுப்பான் என்று சொல்லி வைத்திருப்பதாக மாமியார் சொன்னபோது அவனுக்குப் புரையேறியது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

சாப்பிட்டுக் கை கழுவி எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தோம். மாமியார் உள்ளே போய், பூபாலனின் சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். உதயன் முன்னால் தரையில் விரித்தார்.

"தம்பி, ஒரே ஒரு ஒத்தாசை. இதுமேலயும் ஒருவாட்டி கால வெச்சிடேன்."

"இன்னா மாமா, உங்களுக்கும் உரமா?" என்று உதயன் சிரித்தான். நானும் சிரித்தேன். பூபாலனும் சிரித்தார். மாமியார் சிரிக்கவில்லை.

பூபாலனுக்கு இடது கை தோளுக்கு மேலே எழும்பாது. கொஞ்சம் சூம்பி, உள்ளங்கை பின்பக்கம் திரும்பியிருக்கும். சின்ன வயதில் மாமரத்திலிருந்து விழுந்துவிட்டான் என்று மாமியார் பெண் பார்க்க வந்தபோதே சொன்னார். அந்தக் கையோடு அவர் மூட்டை தூக்குகிறார், வண்டி ஓட்டுகிறார், என்னோடு சண்டை போடுகிறார். எனக்கு அது ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை.

"மரமும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார் மாமியார். "பொறந்தப்பவே கை தொங்கிகினு இருந்துச்சு. டாக்டரு, உருட்டாதம்மா, தானா சரியாவும், பாப்போம்னாரு. நான் அவரு பேச்சக் கேட்டுகினு சும்மா இருந்தேன். ஊரே சொல்லிச்சு உரம் எடுறின்னு. நான் எடுக்கல. கை வரல. என் மாமியா சாவற வரிக்கும் அதையேதான் சொன்னாங்க. நீதான்டி புள்ள கையக் கெடுத்தவன்னு. அவங்க சொன்னது நெசந்தான? இதோ, நீ கால வெச்ச, என் பேத்திக்குக் கை வந்துடுச்சு. என் புள்ளைக்கு நான் செய்யாம வுட்டுட்டேன்."

அவர் அழவில்லை. சட்டையின் சுருக்கத்தைக் கையால் நீவிக்கொண்டே இருந்தார். அழுதிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு. நாங்கள் சிரித்துச் சிரித்துச் சொன்ன பொய், அவர் மேலிருந்த பழிக்குச் சாட்சியாகிவிட்டது. உரம் என்று ஒன்று உண்டு, நேரத்தில் எடுத்திருந்தால் இறங்கியிருக்கும் என்று நாங்களே அவருக்கு நிரூபித்துக் காட்டியிருக்கிறோம். பூபாலன் தலையைக் குனிந்துகொண்டார்.

உதயன் அந்தச் சட்டையை எடுத்து மடித்து ஓரமாக வைத்தான். நகர்ந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"அத்தை, நான் அன்னிக்குச் சொன்னது பொய்."

"எது?"

"எல்லாமே. பாப்பாவுக்கு உரமே இல்ல. எலும்புதான் ஒடஞ்சிருந்துச்சு. டாக்டரம்மா சொன்ன மாதிரி தானா கூடிச்சு. என் காலு ஒண்ணும் பண்ணல. நீங்க பாப்பாவை உருட்டாம இருக்கணும்னுதான் அப்படிச் சொன்னேன்."

மாமியார் அவனை நிமிர்ந்து பார்த்தார். கோபம் பொங்கிக்கொண்டு வருவது தெரிந்தது. "ஒடஞ்ச எலும்போட கெடந்த புள்ளையவா நான் புடவையில போடப் பாத்தேன்? ஏன்டா பாவி, எங்கிட்ட சொல்லல?"

"சொன்னோம் அத்தை. மூணு பேரும் மாத்தி மாத்திச் சொன்னோம்."

மாமியார் மடித்து வைத்த சட்டையை இழுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். உதயன் மெதுவாகப் பேசினான்.

"மாமா கைக்கு வேற கணக்கு. பொறக்கும்போது தோளு சிக்கிகினா, இழுக்கறதுல கழுத்து நரம்பு இழுபட்டுடும். நெறைய புள்ளைங்களுக்குத் தானா சரியாயிடும். சில புள்ளைங்களுக்கு ஆவாது. அதுக்கும் ஒரு நம்பர் கீது. நானே எவ்வளவோ தடவை போட்டிருக்கேன்."

"அமெரிக்காலயா?"

"ஆமா."

"அங்கயும் புள்ளைங்களுக்குக் கை தூக்க வராம போவுதா?"

"போவுது அத்தை."

"அங்க யாரு உரம் எடுக்காம வுட்டாங்க?"

"அங்க உரம்னு ஒண்ணே கெடையாது அத்தை. புடவையும் கெடையாது, உருட்டறதும் கெடையாது. ஏன் உரம் எடுக்கலன்னு எந்த அம்மாவையும் அங்க யாரும் கேக்க மாட்டாங்க. அது பொறக்கும்போதே நடந்து முடிஞ்சிடுச்சு. அதுக்கப்புறம் நீங்க உருட்டியிருந்தாலும் வந்திருக்காது, உருட்டாததாலயும் போவல. என்மேல நம்பிக்கை இல்லன்னா நாளைக்கே டாக்டரம்மாகிட்ட கேப்போம், வாங்க."

மாமியார் வாய்விட்டு அழுதார். நான் அந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவரைத் தொட்டு ஆறுதல் சொன்னதில்லை. இரண்டு பேருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. அன்றைக்கு நான் போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். பூபாலன் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். மகனின் இடது கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, மாமியார் உதயனைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப நான் கெடுக்கல?"

"நீங்க கெடுக்கல அத்தை."

"இன்னொருவாட்டி சொல்லு."

உதயன் இன்னொரு முறை சொன்னான்.